காற்றுக்குக் குறைவாக வளையும் குண்டு

கோவையில் படிக்கும் என் அண்ணன் மகன் பொங்கல் விடுமுறைக்குக் குன்னூர் வந்திருந்தான். என்.சி.சி. முகாமில் ஐந்தே ஐந்து தோட்டா சுட்டுவிட்டு வந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. வைத்த தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "சித்தப்பா, ஆயிரம் மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைச் சுட எந்த ரைபிள் வாங்க வேண்டும்? .338 தானே பெரியது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன், எண்தான் வேறு. புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே துப்பாக்கி அளவை லாரியின் குதிரைத்திறன் போல நினைத்துக்கொள்கிறார்கள். எண் பெரிதானால் தூரமும் பெரிதாகும் என்று. உண்மையில் இலக்குச் சுடுதலில் நாம் தேடுவது பலத்தை அல்ல. காகிதத்தில் ஒரு துளை விழ வேண்டும், அவ்வளவுதான். அந்தத் துளை நாம் நினைத்த இடத்தில் விழ வேண்டும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அவனுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளை உறை, அதன் அடியில் அடி வாங்கினால் பொறி தரும் பகுதி, உறைக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். உறை நம் காலடியில் விழுகிறது. அளவு அல்லது கேலிபர் என்று சொல்வது அந்தக் குண்டின் விட்டத்தை, அதாவது ஏறத்தாழக் குழலின் உள்விட்டத்தை. .22 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். .308 என்றால் 7.8 மில்லிமீட்டர். ஐரோப்பியர்கள் மில்லிமீட்டரிலேயே 6.5 என்று எழுதுவார்கள்.

இங்கேதான் வழுக்குகிறது. .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் என்று மூன்று பெயர்களைக் கேட்டால் மூன்று அளவு என்று தோன்றும். மூன்றிலும் குண்டின் விட்டம் ஒன்றே, .308 அங்குலம். உறைதான் வேறு, உள்ளே கொள்ளும் மருந்தின் அளவு வேறு. நிப்பு ஒன்று, மை கொள்ளும் பேனா வேறு என்பது போல. இதற்கு நேர்மாறாக .22 தோட்டாவையும் .223 ரெமிங்டனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டத்தில் முடியளவு வித்தியாசம்கூட இல்லை. ஆனால் .22 குண்டு விநாடிக்குச் சுமார் 330 மீட்டரில் புறப்படுகிறது, .223 அதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் புறப்படுகிறது. குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே 'எந்த அளவு?' என்று கேட்பது அரைக் கேள்விதான். 'எந்தத் தோட்டா, அதில் எந்தக் குண்டு?' என்பதுதான் முழுக் கேள்வி.

குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். இந்த அளவைக் கேட்டதும் அவன் முகம் சுளித்தான். நகைக் கடைக் கணக்கில் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். .22 குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், மூன்றில் ஒரு பவுன். 6.5 அளவில் பந்தயத்துக்குப் பயன்படும் 140 கிரெயின் குண்டு 9 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. .308-இல் 175 கிரெயின் குண்டு 11.3 கிராம், ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் கீழே. இத்தனை சின்னப் பொருளைத்தான் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போடப் பார்க்கிறோம்.

குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து குண்டின் மேல் இரண்டு பேர் கை வைக்கிறார்கள். ஒருவர் புவியீர்ப்பு, இன்னொருவர் காற்று.

புவியீர்ப்பு நேர்மையான ஆள். எத்தனை நேரம் குண்டு ஆகாயத்தில் இருக்கிறதோ அத்தனைக்குக் கீழே இழுக்கும், ஒரு நாளும் மாற்றிச் சொல்லாது. .22 ரைபிளை 50 மீட்டருக்குச் சரியாக அமைத்துவிட்டு அதே குறியில் 100 மீட்டர் இலக்கைச் சுட்டால் குண்டு ஏறத்தாழ 20 செ.மீ. கீழே விழும். இன்றும் 20, நாளையும் 20. .308-ஐ 100 மீட்டருக்கு அமைத்து ஆயிரம் கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், சுட்டால் இறக்கம் பத்து மீட்டர் அளவுக்கு இருக்கும். மூன்று மாடி உயரம்! கேட்கப் பயமாக இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. தூரம் தெரிந்தால் இறக்கம் தெரியும், தொலைநோக்கியின் திருகை அத்தனை சொடுக்கு திருப்பினால் தீர்ந்தது. அந்தத் திருகுகள் கோணக் கணக்கில் நகரும். ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ., 900 மீட்டரில் 26 செ.மீ. இதற்குப் பதிலாக மில்லிரேடியன் கணக்கில் வரும் தொலைநோக்கிகளும் உண்டு. அதில் ஒன்று என்பது 100 மீட்டரில் சரியாக 10 செ.மீ. மீட்டரில் யோசிப்பவர்களுக்கு அதுவே வசதி என்பது என் எண்ணம்.

காற்று அப்படிப்பட்ட ஆள் அல்ல. அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. எதிர்த்து நின்று குண்டின் வேகத்தைக் குறைக்கிறது. பக்கத்திலிருந்து வீசினால் குண்டை நகர்த்துகிறது. இந்த இரண்டும் தனித்தனி அல்ல என்பதுதான் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். வழியில் எவ்வளவு வேகத்தைக் குண்டு இழக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பக்கக் காற்று அதைத் தள்ளும். வேகத்தை இழக்காத குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும்.

இதற்கு ஒரு நல்ல சான்று .22-இலேயே கிடைக்கிறது. பந்தயத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, மெதுவாகப் புறப்படுகின்றன. அதே அளவில் 'அதிவேகம்' என்று அட்டையில் போட்டு விற்கும் தோட்டாக்களும் உண்டு; அவை ஒலியை முந்திப் புறப்படும். எது காற்றில் குறைவாக நகரும்? வேகமானதுதான் என்று யாரும் சொல்வார்கள். உண்மை தலைகீழ். ஒலி வேகத்தை ஒட்டிய இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுவதால் வேகமான குண்டு கடகடவென்று வேகத்தை இழக்கிறது, அதனால் அதிகம் தள்ளப்படுகிறது. மெதுவாகப் போகிறவன் நேராகப் போகிறான்.

எந்தக் குண்டு வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்? விட்டத்தோடு ஒப்பிட்டால் எடை கூடியது, நீண்டது, மூக்கு கூரானது, வால் பக்கம் படகு போலக் குறுகியது. இந்தக் குணத்தை ஒரே எண்ணில் சொல்வதற்கு எறிபடையியல் கெழு (பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்) என்று வைத்துக்கொள்ளலாம்; துப்பாக்கிக்காரர்கள் பேச்சில் வெறும் 'பி.சி.'. எண் கூடினால் நல்லது. .22 குண்டுக்கு அது 0.14-ஐ ஒட்டி இருக்கும். .308-இல் 175 கிரெயின் பந்தயக் குண்டுக்கு 0.5. 6.5-இல் 140 கிரெயின் நீளக் குண்டுகளுக்கு 0.6-ஐத் தாண்டும். கைப்பிடி இலவம் பஞ்சையும் ஒரு ஆணியையும் எறிந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று வீசுகிறது, ஊட்டி மார்க்கெட்டில் கடையின் தார்ப்பாய் மெல்லப் படபடக்கும் காற்று. சமவெளியில், 914 மீட்டர் தூரத்தில், .308-இன் 175 கிரெயின் குண்டை அது இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். 6.5 கிரீட்மோர் என்னும் தோட்டாவின் 140 கிரெயின் குண்டை ஒன்றரை மீட்டர். .308 குண்டு கனமானது, விட்டமும் பெரிது, இருந்தும் தோற்கிறது. அந்த அறுபது எழுபது சென்டிமீட்டர் எதற்கு உதவும் என்றால், காற்றைக் கணிப்பதில் நான் செய்யும் தவறுக்கு. காற்று 16 கிலோமீட்டர் என்று நினைத்தேன், உண்மையில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். .308-இல் நான் அரை மீட்டருக்கு மேல் விலகியிருப்பேன், 6.5-இல் 40 செ.மீ. விலகியிருப்பேன். 6.5 இலக்கின் ஓரத்திலாவது ஒட்டும், .308 மண் மேட்டில் புதையும். தொலைதூரத்துக்கு அளவு தேர்ந்தெடுப்பது என்றால், கடைசியில், நம் காற்றுக் கணிப்பின் பிழையை எது அதிகம் மன்னிக்கும் என்று தேடுவதுதான்.

நம் ஊரிலிருந்தே இன்னொரு உதாரணம். சாதாரணக் குடிமக்களுக்கு .303 ரைபிள் கிடையாது, அது ராணுவ அளவு. அதனால் நம் அரசுத் தொழிற்சாலை .315 என்ற அளவில் ரைபிள் செய்து விற்கிறது. எண்ணைப் பார்த்தால் .308-ஐ விடப் பெரிது. குண்டு சுமார் இரண்டு பவுன் எடை. ஆனால் மூக்கு மழுங்கியது, புறப்படும் வேகமும் குறைவு. தோட்டக் காவலுக்கு எடுத்த ஆயுதம் அது. தூரம் கூடக் கூட மாம்பழம் எறிந்தது போல வளைந்து இறங்கும். எண் பெரிதாக இருப்பதில் ஒன்றும் இல்லை என்பதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி மலைக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,133 மீட்டரில். ஊட்டியில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் 93 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுகிறது, பருப்பு மட்டும் வேக மறுக்கிறது. அழுத்தம் குறைந்த அதே மெல்லிய காற்று குண்டுக்கு வரப்பிரசாதம். சென்னையின் வெயில் காற்றோடு ஒப்பிட்டால் ஊட்டிக் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பு குறைகிறது, வேகம் நிற்கிறது, இறக்கமும் குறைகிறது, காற்றின் தள்ளலும் குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் 900 மீட்டருக்குச் சரிசெய்த .308 ரைபிளை அப்படியே தொட்டபெட்டா உயரத்துக்குத் தூக்கி வந்து சுட்டால் குண்டு ஒரு மீட்டருக்கும் மேல் உயரே போய்விடும். நூறு மீட்டரில் இந்த வித்தியாசமே தெரியாது. மலையேறியதன் விளைவு தூரத்தில்தான் தன்னைக் காட்டும்.

மூடுபனியில் குண்டு திணறும் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். ஈரக் காற்று உலர்ந்த காற்றை விடச் சற்று லேசானது. பனியால் குண்டுக்குக் கெடுதல் இல்லை. இலக்கு தெரியாமல் போவது மட்டுமே கெடுதல், குன்னூரில் மதியம் மூன்று மணிக்கு மேல் அது தினசரி நடப்பு.

குளிர் வேறு விதமாக வேலை செய்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கயிறு போல இழை இழையாக வருவதால் அந்த மருந்துக்கு அப்படிப் பெயர். 1889-இல் இங்கிலாந்தில் உருவானது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். துப்பாக்கி மருந்து குளிரில் சற்று மெதுவாகவும் வெப்பத்தில் சற்று வேகமாகவும் எரியும். ஜனவரி காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது சுட்ட தோட்டாவும், அதே பெட்டியிலிருந்து மதிய வெயிலில் பெஞ்சில் காய்ந்த தோட்டாவும் ஒரே வேகத்தில் புறப்படாது. பழகியவர்கள் பெட்டியை நிழலில் வைப்பது இதனால்தான்.

காற்றின் மென்மையைப் பார்த்து மலை தொலைதூரச் சுடுதலுக்குச் சொர்க்கம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறது மலை. பகலில் சரிவு சூடேறக் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கீழே வழியும். நடுவில் ஒரு அரை மணி நேரம் இரண்டும் குழம்பி நிற்கும். நாம் படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்று, பள்ளத்தின் நடுவில் ஒரு காற்று, இலக்குப் பக்கம் மூன்றாவது காற்று.

இதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல. பல வருடங்களுக்கு முன், சமவெளியிலிருந்து வந்த பழக்கத்தோடு, சரிவை ஒட்டி அமைந்த ஒரு 50 மீட்டர் தளத்தில் .22 சுட்டேன். என் பக்கத்தில் கட்டியிருந்த சிறு துணிக்கொடி அசையவே இல்லை. காற்றில்லை என்று சந்தோஷமாகப் பத்து தோட்டா சுட்டேன். பாதிக் குண்டுகள் பத்தில், பாதிக் குண்டுகள் இடப்பக்கம் எட்டில். ரைபிளைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன். பின்னால் நின்ற ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எதுவும் சொல்லாமல் வலப்பக்க வேலியைக் காட்டினார். 30 மீட்டர் தள்ளி வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதற்கு அப்பால் தேயிலைத் தோட்டம், தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். அந்த மரத்தின் இலைகள் மேல்புறம் பச்சை, கீழ்ப்புறம் வெள்ளி. காற்று வந்தால் இலை புரண்டு மரம் வெளுக்கும். "மரம் வெளுக்கும்போது விசையில் கை வைக்காதீர்கள் சார்" என்றார். அந்த இடைவெளி வழியாக வந்த காற்றுதான் என் பாதிக் குண்டுகளை நகர்த்தியது. 50 மீட்டர் இலக்கின் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர்தான், 16 கிலோமீட்டர் காற்று.22 குண்டை அங்கே இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தும். பத்தில் விழ வேண்டியது எட்டில் விழுந்ததில் என்ன அதிசயம்?

சரிவில் சுடும்போது இன்னொரு கணக்கும் உண்டு. 30 பாகைச் சரிவில் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ 300 மீட்டர் தள்ளி இலக்கு இருந்தால், இறக்கத்துக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கிடைமட்டத் தூரம், அதாவது 260 மீட்டர். மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும், சமதளக் கணக்கில் சுட்டால் குண்டு உயரே போகும். கீழே சுட்டால் குண்டு தாழும் என்று வாதாடுகிறவர்களை நான் இன்னும் சந்திக்கிறேன்.

சரி, எதை எடுப்பது?

நான் சொல்வது .22. 1887-இல் வந்த தோட்டா, இன்றும் இதற்கு மாற்று இல்லை. பின்னுதைப்பு கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் கெட்ட பழக்கம் ஒட்டாது. குழல் பல பத்தாயிரம் தோட்டாக்களுக்குத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 200 மீட்டரில் .22 சுடுவது காற்றைப் படிப்பதில் ஏறத்தாழப் பெரிய ரைபிளில் 800, 900 மீட்டர் சுடுவதற்குச் சமமான பாடம். மெதுவான, இலேசான, பி.சி. குறைந்த குண்டு, சிறு காற்றுக்கும் ஓடும், நம் தவறு ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டும். பெரிய தளம் கிடைக்காதவர்களுக்கு இது வறுமையில் கிடைத்த வாய்ப்பு. 50 மீட்டர் .22 ஒலிம்பிக் போட்டியும்கூட. 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அதில்தான்.

.223 ரெமிங்டன் அடுத்த படி. 1960-களில் வந்தது, உதைப்பு மிகக் குறைவு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. குழலுக்குள் திருகு வரிகள் ஓடுகின்றன, பம்பரத்துக்குச் சாட்டை போல அவைதான் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. நீளக் குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். .223-இல் பழைய ரைபிள்கள் 55 கிரெயின் குட்டைக் குண்டுக்காகச் செய்தவை, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தொலைதூரத்துக்கு வேண்டிய 77, 80 கிரெயின் குண்டை அதில் போட்டால் பம்பரம் தள்ளாடுவது போலத் தள்ளாடி, காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் சாய்ந்த நீள் துளை விழும். 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குழலின் மேலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

.308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. பால்மா என்னும் பழம்பெரும் போட்டியில் 800, 900, 1,000 கெஜங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எஃப் கிளாஸ் போட்டியில், தாங்கியின் மேல் வைத்துச் சுடும் ஒரு பிரிவில் .223, .308 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. குழல் ஐயாயிரம் தோட்டா அளவுக்கு உழைக்கும், உலகெங்கும் தோட்டா கிடைக்கும். பலவீனம், ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது வேகம் ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது சில குண்டுகள் நிலை குலையும்; 168 கிரெயினில் மிகப் புகழ்பெற்ற பந்தயக் குண்டு ஒன்று 600 கெஜம் வரை தங்கமாகப் பறந்துவிட்டு ஆயிரத்தில் சொதப்புவது ஊரறிந்த விஷயம். 175 கிரெயின் குண்டு வந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

6.5 கிரீட்மோர் 2007-இல் அறிமுகமானது. நியூயார்க் அருகே 1870-களில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதிய புகழ்பெற்ற சுடுதளத்தின் பெயரைத் தாங்கியது. ராணுவத்துக்காகச் செய்து பிறகு விளையாட்டுக்கு வந்தது அல்ல, ஆரம்பத்திலிருந்தே இலக்குக்காகச் செய்தது. நீளக் குண்டு, அளவான மருந்து, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், குண்டு விநாடிக்கு நாலாயிரம் சுற்றுச் சுழல்கிறது. ஒரே எடையுள்ள ரைபிளில் .308-இன் உதைப்பில் இதற்கு ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆயிரம் கெஜத்திலும் ஒலியை விட வெகு வேகமாகவே போய்க்கொண்டிருக்கும். விலை எங்கே என்றால் குழலில். சிறிய துளை வழியாகச் சூடான வாயு பாய்வதால் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு தோட்டாவில் குழலின் தொண்டை தேய்ந்து துல்லியம் சரியத் தொடங்கும். இருந்தாலும், உண்மையிலேயே 600 மீட்டருக்கு மேல் தளம் கிடைக்கும் ஒருவர் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மருந்து அதிகம் கொள்ளும் மேக்னம் தோட்டாக்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. .300 வின்செஸ்டர் மேக்னம், .338 லாப்புவா மேக்னம் எல்லாம் 1,200, 1,500 மீட்டருக்கு மேல் சுடுகிறவர்களுக்கு. அதற்குக் கீழே அவை தரும் நன்மையை உதைப்பு தின்றுவிடும். .338-இன் உதைப்பு .308-ஐப் போல இரண்டு மடங்கு. இருபது தோட்டா சுட்டபின் தோள் அடுத்த அடிக்குப் பயந்து முன்கூட்டியே சுருங்கும். சுருங்கிய தோளால் யாரும் பத்து அடித்ததில்லை.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் ரைபிள் என்பது கடையில் பார்த்து வாங்கும் பொருள் அல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் விதிகள் இரண்டும் பொருந்தும், உரிமம் இல்லாமல்.22-ஐக்கூட வைத்திருக்க முடியாது, தடைசெய்த அளவுகள் என்று ஒரு பட்டியலும் உண்டு. மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினராகி, அங்குள்ள ரைபிளில் பழகி, பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே நடைமுறை வழி. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பெயர் எடுத்ததும் அந்தப் பத்து மீட்டரில்தான்.

இன்னொன்று. தேயிலைச் சரிவு காலியாகத்தானே இருக்கிறது என்று அங்கே குறி பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. சின்ன .22 குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்க் காயப்படுத்தும். செடிக்கு நடுவில் குனிந்து கொழுந்து பறிப்பவர் நமக்குத் தெரியமாட்டார். பின்னால் மண் மேடு உள்ள, அனுமதி பெற்ற தளத்தைத் தவிர வேறெங்கும் தோட்டாவைக் கையில் எடுக்கக்கூடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியானால் .338?" என்றான்.

"முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு" என்றேன்.

இப்போது கோவையில் ஒரு சங்கத்தில் .22 சுடுகிறான். ஞாயிறுதோறும் இரவு இலக்குக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறான், ஓரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று தான் நினைத்ததைப் பென்சிலால் எழுதி. போன வாரக் காகிதத்தில் ஏழு குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் இருந்தன, மூன்று வலப்பக்கம் ஓடியிருந்தன. அந்த மூன்றுக்கும் பக்கத்தில் எழுதியிருந்தான்: "சித்தப்பா, இங்கே சில்வர் ஓக் இல்லை. வேப்பமரத்தைப் பார்த்தேன், தாமதமாக."